துருவுக்கு அடியில் இருக்கும் உருக்கு

மடக்கினால் தன் கைப்பிடிக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்வதும், மாற்று பிளேடு எதையும் வேண்டாமல் தன் கூர்மையாலேயே மழிப்பதுமான கருவியே பழைய சவரக்கத்தி. அதன் வெட்டும் விளிம்பை வாய் என்றும், வாய்க்கு எதிர்ப்புறமுள்ள தடித்த பகுதியை முதுகு என்றும், இரண்டுக்கும் இடையிலுள்ள உருக்குப் பரப்பை அலகு என்றும், விரல் வைத்துத் திறப்பதற்காகப் பின்கோடியில் மெலிந்து வளைந்திருக்கும் பகுதியை வால் என்றும் குறிப்பது விளக்கத்துக்கு வசதியாக இருக்கும். சேலத்தின் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், செவ்வாய்ப்பேட்டை என எந்தப் பகுதியிலுள்ள சலூனுக்குச் சென்றாலும் இன்று காணக் கிடைப்பது இக்கத்தி அன்று. புது பிளேடை உறை பிரித்து, இரண்டாக ஒடித்து, அதில் ஒரு பாதியைப் பொருத்தி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிற வகையே எங்கும் புழக்கத்தில் உள்ளது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, ஒருவருக்குப் பயன்படுத்திய சவரக்கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விழிப்புணர்வு ஊர்தோறும் பரவியதும், தலைமுறைகளாகத் தீட்டப்பட்டு வந்த கத்திகள் தொழிலிலிருந்து விலகின. அந்த விலகல் நியாயமானது, தேவையானதும்கூட. ஆயினும், முடிதிருத்துவோர் தம் கருவிகளைச் சுமந்து செல்லும் பையாகிய அடப்பத்தின் அடியிலும், வீட்டுப் பரணில் ஏற்றப்பட்ட தகரப் பெட்டிகளிலும் அன்று வைக்கப்பட்ட கத்திகள், பல மழைக்காலங்களின் ஈரத்தைக் குடித்துத் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றுள் எதை மீட்க இயலும், எதை மீட்க இயலாது, மீட்பதென்றால் எந்த எல்லையோடு கை நிறுத்த வேண்டும் என்பவை அறிந்துகொள்ளத்தக்கவை.

சேலத்து மண்ணிலிருந்து இதைப் பேசுவதற்குத் தனி உரிமை உண்டு. நகருக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையின் பாறைகளில், காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புக் கனிமமான மேக்னடைட் வரிவரியாகப் படிந்துள்ளது. இத்தகைய கனிமத்தைச் சிறு மண் உலைகளில் கரியோடு சேர்த்து எரித்து இரும்பாக்குவதும், அவ்விரும்பை மூசைகளில் இட்டு உருக்காக்குவதும் இப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்தன. மூசை என்பது தீயைத் தாங்கும் களிமண்ணால் செய்யப்பட்ட சிறு குடுவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்தவரான ஜோசையா மார்ஷல் ஹீத், 1839இல் வெளிவந்த தம் கட்டுரையில் இம்முறையை விவரித்துள்ளார்: இரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலைகளை மூடி, களிமண்ணால் வாயை அடைத்து, அவ்வாறு அடைத்த இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கித் துருத்தியால் காற்றூதி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எரித்தார்கள். ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மூடிய மூசைக்குள் கரியாகி, அக்கரி இரும்பில் கலந்து, வெறும் இரும்பு உருக்காக மாறியது. இத்தென்னிந்திய உருக்கையே ஐரோப்பியர் வூட்ஸ் என்ற பெயரில் அறிந்தனர். தமிழின் உருக்கு, கன்னடத்தின் உக்கு ஆகிய சொற்களோடு உறவுடைய பெயர் அது.

இவ்வுருக்குக்கும் சவரக்கத்திக்குமான தொடர்பு அறிவியல் வரலாற்றிலேயே பதிவாகியுள்ளது. 1790களில் பம்பாயிலிருந்து இலண்டனின் ராயல் சொசைட்டிக்கு வூட்ஸ் கட்டிகள் அனுப்பப்பட்டபோது, அவற்றை அடித்துக் கத்தியாக்கிப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற அறுவைக் கருவி வினைஞர். ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இது மேலானது என்று தம் கடை விளம்பர அட்டையிலேயே அவர் எழுதிக்கொண்டார். பின்னாளில் மின்னியலில் அழியாப் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன். அவர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வூட்ஸின் இரகசியத்தைத் தேடி, உருக்கில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றைக் கலந்து செய்த ஆய்வுகள் 1820இலும் 1822இலும் வெளிவந்தன. வூட்ஸின் சிறப்புக்குக் காரணம் அதிலுள்ள அலுமினியச் சேர்மம் என்று அவர்கள் கருதியது பிழையாக முடிந்தாலும், அம்முயற்சியே கலப்பு உருக்கு பற்றிய முறையான ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. அந்த ஆய்வில் பிறந்த உருக்கில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு.

ஹீத்தின் கதை இன்னும் நெருக்கமானது. அவர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார்; பின்னர் அவருடைய முயற்சியைத் தொடர்ந்து வந்த நிறுவனம் காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் உலை அமைத்தது. எரிப்பதற்கான மரக்கரிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், செலவு மிகுந்ததும் அம்முயற்சிகளை நிலைக்க விடவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், மூசை உருக்கில் மாங்கனீசைச் சிறிதளவு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல உருக்குப் பெறலாம் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்ட் நகரத்துக் கத்தித் தொழில் அம்முறையால் வளம் பெற்றது. ஹீத்தோ காப்புரிமை வழக்குகளில் சிக்கி, 1851இல் வறியவராக இறந்தார். சேலத்து உலைகளுக்கு அருகே நின்று உருக்குத் தொழிலைக் கற்றுக்கொண்ட ஒருவரின் முறை ஷெஃபீல்டில் பரவியதும், அதே ஷெஃபீல்டின் முத்திரை பொறித்த சவரக்கத்திகள் கப்பலேறி வந்து தமிழ்நாட்டு அடப்பங்களில் இடம்பிடித்ததும் ஒரே நூற்றாண்டின் நிகழ்வுகள். சேலத்திலேயே அருணாசலம் என்ற கத்தி வினைஞர், தம் பெயரையும் ஊர்ப்பெயரையும் பொறித்து வெளியிட்ட வேட்டைக் கத்திகள் ஆங்கில அதிகாரிகளிடையே பெயர்பெற்றிருந்தன. அவை இன்றும் பழம்பொருள் சேகரிப்போரால் மதிக்கப்படுகின்றன. ஆதலால் துருப்பிடித்த ஒரு சவரக்கத்தியைக் காயலான் கடைத் தராசில் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை நின்று பார்ப்பது இவ்வூருக்குப் பொருத்தமான செயலே.

பார்த்தல் என்பது வாலுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட தண்டில் தொடங்க வேண்டும், ஏனெனில் செய்தவரின் பெயரும் ஊரும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பின் அக்கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருள்களில் தோற்ற நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்ததே அதற்குக் காரணம். அலகு இருபுறமும் ஆழமாகக் குடையப்பட்டு, வாயருகே தாள்போல் மெலிந்திருந்தால், அது ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்தார் பெரிதும் வளர்த்தெடுத்த உட்குழிவு முறையில் அரைக்கப்பட்டது. ஆப்பு வடிவில் கனத்திருந்தால் பெரும்பாலும் பழைய ஷெஃபீல்ட் மரபினது.

அடுத்துத் தேட வேண்டியது வெடிப்பு. துரு எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலும் நீக்கிவிடலாம், வாய் ஆங்காங்கே உடைந்து பல் விழுந்திருந்தாலும் ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் மயிரிழை அளவு வெடிப்பு வாயிலிருந்து முதுகை நோக்கி ஓடியிருந்தால் அக்கத்தியை மழிப்பதற்கு மீட்கவே கூடாது. அலகை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியே எடுத்து நன்றாகத் துடைத்து, அதன்மேல் சுண்ணாம்புக் கட்டிப் பொடியைத் தூவி வைத்தால், வெடிப்புக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்பொடியின்மேல் கோடாக ஈரம் காட்டிவிடும். வாயை நகத்தின்மேல் மிக இலேசாக அழுத்திப் பார்க்கையில் அலகின் ஓரிடம் மட்டும் தனியாக நெளிந்தாலும் அது வெடிப்பின் அறிகுறியே.

பல் விழுந்த கத்தியைப் பற்றி முடிவெடுப்பதற்குச் சிறு கணக்கு ஒன்று துணைசெய்யும். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது வாயும் முதுகும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும். எனவே முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்தே வாயின் கோணத்தை நிர்ணயிக்கின்றன, தீட்டுபவரின் கை அதைத் தீர்மானிப்பதில்லை. அலகு 16 மில்லிமீட்டர் அகலமும் முதுகு 4.5 மில்லிமீட்டர் தடிமனும் உடைய கத்தியில் வாயின் கோணம் ஏறத்தாழ 16 பாகை ஆகும். 1 மில்லிமீட்டர் ஆழமுள்ள பல்லை நீக்க வாய் முழுவதையும் அந்த அளவுக்குத் தேய்த்தால் கோணம் 17 பாகையைச் சற்றுத் தாண்டும்; அது பொறுக்கத்தக்கது. 3 மில்லிமீட்டர் தேய்க்க நேர்ந்தால் கோணம் 20 பாகையை நெருங்கிவிடும். அக்கத்தி மயிரை வெட்டாமல் இழுக்கும், தோல் எரியும். முதுகையும் தேய்த்துக் கோணத்தைக் குறைக்கலாம் என்றாலும், அவ்வாறு செய்து முடிப்பதற்குள் கத்தியின் வடிவமே குலைந்துபோகும்.

மீட்பு வேலையின் முதல் படி, அலகைக் கைப்பிடியிலிருந்து பிரித்தல். இரண்டையும் இணைக்கும் பித்தளை ஆணியின் தலையை மெல்லிய அரத்தால் ராவி, ஆணியைச் சிறு குத்தூசியால் தட்டி வெளியேற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் நூறாண்டு காய்ந்த கொம்புக் கைப்பிடி ஆணித்துளையிலிருந்து விரிசல் விடும். ஷெஃபீல்ட் கத்திகள் பலவற்றின் கைப்பிடி எருமைக்கொம்பாலானது. காய்ந்து வெளுத்த கொம்பைச் சில நாள் எண்ணெயில் ஊறவைத்தால் அதன் கருமையும் நெகிழ்வும் பெருமளவு திரும்பும். செல்லுலாய்டு என்ற பழங்கால நெகிழியாலான கைப்பிடி வேறு வகை ஆபத்தைக் கொண்டது: அது சிதையத் தொடங்கினால் அமில ஆவியைக் கக்கி, தனக்குள் மடங்கியிருக்கும் அலகையே அரித்துவிடும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். எனவே சிதைந்த செல்லுலாய்டை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காமல் கழற்றி அகற்றுவதே முறை. யானைத் தந்தத்தாலான கைப்பிடி கிட்டினால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்தத்தை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்துள்ளன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

துருவை நீக்கும் பகுதியில்தான் மிகுதியான கத்திகள் கெடுகின்றன, அதுவும் துருவால் அன்றி ஆர்வத்தால். சவரக்கத்தியின் உருக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கரி கலந்திருக்கும். செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்து, பிறகு மிதமான வெப்பத்தில் மீண்டும் சூடாக்குவதன் மூலம் கொல்லர் அதற்கு ஊட்டிய கடினமே பதம் எனப்படும். பட்டறையில் சுழலும் சாணைச் சக்கரத்திலோ பாலிஷ் போடும் பஞ்சுச் சக்கரத்திலோ அலகை அழுத்தினால், தாள்போன்ற அதன் வாய்ப்பகுதி ஓரிரு நொடியில் 200 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். முதலில் வைக்கோல் நிறமும், 300 பாகை வாக்கில் மயில்கழுத்து நீலமும் தோன்றும். நீலம் கண்ட இடத்தில் பதம் போய்விட்டது. அதன்பின் எந்தக் கல்லில் தீட்டினாலும் அந்த இடம் கூர்மையைத் தாங்காது. ஆகவே கையால் மட்டுமே தேய்ப்பது, விரல் பொறுக்காத சூட்டை அலகுக்குத் தராமலிருப்பது என்ற இரண்டையும் மீறக் கூடாது.

துருவேறிய அரிவாள்மனையைப் புளியால் தேய்த்துக் கழுவுவது தமிழ் வீடுகளில் தெரிந்த செய்தியே. புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் அதையே சவரக்கத்திக்கு அளவின்றிச் செய்தால் அமிலம் நல்ல உருக்கையும் அரித்து, மங்கிய சாம்பல் நிறப் பரப்பை விட்டுச்செல்லும். ஒருநாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இளகிய செந்துருவை மரச்சீவலால் சுரண்டி எடுத்து, எஞ்சியதை எண்ணெய் தொட்ட உப்புத்தாளால் தேய்ப்பது மெதுவான வழி, ஆனால் நம்பத்தக்க வழி. 400ஆம் எண் தாளில் தொடங்கி 600, 1000, 2000 என நயம் கூட்டிச் செல்லலாம். தாளைச் சிறு தக்கையில் சுற்றி, அலகின் குழிவோடு ஒட்டி, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். வாய்க்கு எதிராகத் தேய்த்தால் தாள் அறுபடும், விரலும் அறுபடும். கறுப்பாகப் படிந்த பழந்துரு உருக்கோடு இறுகியிருப்பதால், அதை முழுவதும் அகற்ற முயல்வது அலகின் தசையையே அகற்றுவதாகும். முதுகருகே நான்கைந்து துருப்பள்ளங்கள் எஞ்சினால் அவற்றால் மழிப்புக்கு எந்தக் குறையும் இல்லை. வாயின் விளிம்பிலேயே பள்ளம் இருந்தால் மட்டும், தீட்டத் தீட்ட அது மீண்டும் மீண்டும் சிறு பல்லாகத் திறக்கும் என்பதால், அதைத் தாண்டும்வரை வாயைப் பின்னுக்குத் தேய்க்க வேண்டும். தண்டிலுள்ள முத்திரையை உப்புத்தாள் தொடவே கூடாது. கண்ணாடிபோல் மின்னும் பெயரற்ற கத்தியைவிட, கறைபட்டுப் பெயரோடு நிற்கும் கத்தி மேலானது. செய்த கையைச் சுட்டும் ஒரே சான்று அம்முத்திரைதான்.

பல்லை நீக்குவதற்கு, நனைந்த 1000ஆம் எண் கல்லின்மேல் வாயைச் செங்குத்தாக நிறுத்தி, ரொட்டி அறுப்பதுபோல் எடையின்றி இழுப்பர். கூர்மை முழுவதையும் வேண்டுமென்றே அழிக்கும் இச்செயல் பார்ப்பவரைப் பதறச் செய்யும். ஆனால் வாய் ஒரே நேர்கோடாகும் வரை புதிய கூர்மைக்கு இடமில்லை. அதன்பின் முதுகும் வாயும் படியக் கத்தியைக் கிடத்தி, வாய் முன்செல்லுமாறு தள்ளி, கல்லின் கோடியில் முதுகின்மேல் புரட்டி, மறுபுறம் இழுத்து வர வேண்டும். வாயின் ஓரத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடிட்டு இரண்டு முறை தீட்டிப் பார்த்தால், மை அழிந்த இடம் கல்லைத் தொட்டது என்றும், அழியாத இடம் தொடவில்லை என்றும் தெரிந்துவிடும். பழைய கத்திகளில் அலகு பெரும்பாலும் சற்றே திருகியிருக்கும் என்பதால், நுனியிலோ அடியிலோ மை பிடிவாதமாக நிற்கும். இரு பக்கச் சரிவுகளும் நுனி முதல் அடி வரை ஒன்றையொன்று சந்திக்கும் வரை 1000ஆம் எண் கல்லை விட்டு நகரக் கூடாது, ஏனெனில் அடுத்துவரும் 4000, 8000, 12000 எண் கற்கள் கீறல்களை நயப்படுத்துமே தவிர, சந்திக்காத சரிவுகளைச் சந்திக்க வைக்கா. நயமான கல்லில் வேலை நிறைவுபெறும் தறுவாயில், கத்திக்கு முன்னே கல்லின்மேல் ஓடும் மெல்லிய நீர்ப்படலம் வாயில் மோதி நிற்காமல், அலகின்மேல் வழுக்கி ஏறத் தொடங்கும். அனுபவமுள்ளோர் அந்த நீரைப் பார்த்தே கல்லை மாற்றுவார்கள்.

கல்லுக்குப் பின் தோல். அகன்ற தோல்வாரை இழுத்துப் பிடித்து, முதுகு முன்செல்ல வாய் பின்தொடருமாறு, கல்லுக்கு நேர் எதிர்த் திசையில் கத்தியை உரசுவதையே தீட்டுதலின் கடைசிப் படியாக முடிதிருத்துவோர் செய்து வந்தனர். அது உருக்கைக் குறைப்பதற்காக அன்றி, கண்ணுக்குப் புலப்படாமல் மடிந்திருக்கும் நுனிவிளிம்பை நிமிர்த்துவதற்காகச் செய்யப்படுவது. இதற்குத் தாவரச் சாற்றால் பதனிட்ட தோலே உகந்தது. தென்னிந்தியாவில் அப்பதனிடலுக்குப் புகழ்பெற்ற பொருள் ஆவாரம்பட்டை. சேலத்து மூசையில் இரும்புக்குக் கரியூட்டி உருக்காக்கிய அதே செடியின் பட்டை, அவ்வுருக்கின் வாயை நிமிர்த்தும் தோலையும் பதப்படுத்தியது. தரிசு நிலத்தில் மஞ்சள் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியைக் கடந்துசெல்வோர் இதை அறிந்திருப்பது நல்லது.

கைப்பிடியைத் திரும்பப் பொருத்த 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும், சிறு வட்டத் தகடுகளும், எடை குறைந்த சுத்தியலும் போதும். கம்பியின் தலையை ஓங்கி அடிக்காமல், சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு தட்டுகளால் குடைபோல் விரியச் செய்ய வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு செய்வோரின் கைக்கு இது பழகிய வேலை. ஆணி தளர்ந்தால் அலகு மடங்கும்போது கைப்பிடியின் உட்பக்கத்தில் மோதிப் புதுவாயில் உடனே பல் விழும். மிக இறுகினால் கொம்பு பிளக்கும். திறந்த கத்தியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் அலகு தானாக விழாமலும், ஒரு விரலால் தள்ளினால் தடையின்றி நகர்ந்தும் இருப்பதே சரியான இறுக்கம்.

இவ்வாறு மீண்ட கத்தி ஒருவருடைய சொந்தப் பயன்பாட்டுக்கு உரியதே அன்றி, பலர் முகம் மழிக்கும் கடைக்கு உரியதன்று. ஸ்பிரிட்டால் துடைத்த பின்பே முதன்முறை முகத்தில் வைக்க வேண்டும். பயன்படுத்தியதும் நீரை ஒற்றியெடுத்து, தோல்வாரில் சிலமுறை உரசி, ஆணியருகே தங்கும் ஈரம் உலரும் வரை சற்றே திறந்து வைக்க வேண்டும். பலநாள் எடுத்து வைப்பதென்றால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பு, அலகில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெயைத் தடவி, மெல்லிய தாளில் சுற்றி, பழைய தோலுறையை விலக்கிக் காற்றாடும் மரப்பெட்டியில் வைப்பது நலம். தோலுறை ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தையும் அலகின்மேல் பிடித்துவைத்துக்கொண்டு, முதுகில் விட்டுவைத்த பழைய பள்ளங்களிலிருந்தே துருவை மறுபடியும் தொடங்கிவிடும்.